காரணம் கேட்கும் கேள்வி

நம் பள்ளிக்கூடங்களில் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் விஞ்ஞானப் பரீட்சையின் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தால், அதில் 'காரணம் கூறுக' என்று ஒரு பகுதி இருக்கக் காணலாம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது, ரெயில் தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடப்படுகிறது, இடியோசை கேட்பதற்கு முன்னால் மின்னல் ஏன் தெரிகிறது என்பன போன்ற கேள்விகள் அதில் வரும். புதிய பாடப் புஸ்தகங்களில் 'கூற்றும் காரணமும்' என்றும் 'உயர்சிந்தனை வினா' என்றும் தலைப்பிட்டு, இதே இனத்தைச் சேர்ந்த கேள்விகள் பல சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவற்றைச் சேர்த்தவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. பெயரையும் எண்ணையும் ஒப்புவிப்பது மட்டும் கல்வியாகாது, பிள்ளைகள் யோசித்துப் பழக வேண்டும் என்பதே அந்த நோக்கம். இதைப் பற்றி இரண்டுவித அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

ஆனால் நடைமுறையில் நிகழ்வதென்ன? கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை அச்சாகிக் கடையில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. கைடு புஸ்தகத்திலுள்ள மூன்று வரிகளைப் பிள்ளை நெட்டுருச் செய்கிறது. திருத்துகிறவர், அந்த மூன்று வரிகளிலுள்ள முக்கியமான பதங்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்து மார்க்குப் போடுகிறார். யோசனையைச் சோதிப்பதற்காக ஏற்பட்ட கேள்வி, ஞாபகத்தைச் சோதித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. 'ஏன்' என்ற கேள்விக்கும் 'யார்', 'எப்போது' என்ற கேள்விகளுக்கும் வித்தியாசமே இல்லாமற் போய்விடுகிறது. இது ஏதோ பள்ளிக்கூடத்துச் சின்ன விஷயம் என்று நம் நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. காரணத்தை நெட்டுருச் செய்யும் பழக்கம், காரணமே கேட்காத பழக்கத்தைவிடக் கெடுதலானது என்பது நம்முடைய திடமான அபிப்பிராயம். காரணம் தெரியாதவனுக்குத் தனக்குத் தெரியாது என்பதாவது தெரியும். நெட்டுருச் செய்தவனுக்கு அதுவும் தெரியாது.

ஓர் உதாரணம் சொல்லுவோம். தண்டவாளத்தைப் பற்றிய கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் எழுதும் விடை ஒன்றுதான்: இரும்பு வெப்பத்தால் விரியும்; விரிவதற்கு இடமில்லாவிட்டால் தண்டவாளம் வளைந்துவிடும்; ஆகையால் இடைவெளி விடப்படுகிறது. இந்த விடையில் பிழை ஒன்றுமில்லை. 13 மீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுத் தண்டவாளம், உஷ்ணம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஆனால் இந்த விடையை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளை, பக்கத்திலுள்ள ரெயில் பாதையைப் போய்ப் பார்க்கட்டும். இன்று பிரதான ரெயில் பாதைகளில் தண்டவாளங்கள் வெகு தூரத்துக்கு ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே நீளமாக ஓடுகின்றன. இடைவெளியைத் தேடினாலும் கண்ணில் படுவதில்லை. 'இடைவெளி இல்லாவிட்டால் வளையும் என்றீர்களே, இது ஏன் வளையவில்லை?' என்று அந்தப் பிள்ளை கேட்டால், அதைவிடச் சிறந்த விஞ்ஞானக் கேள்வி ஒன்று இருக்க முடியுமா?

அதற்கு விடையும் உண்டு. மிதமான உஷ்ணத்தில் தண்டவாளத்தைக் கனமான காங்கிரீட் ஸ்லீப்பர்களோடு இறுக்கிப் பிணைத்து, அந்த ஸ்லீப்பர்களைச் சுற்றி ஜல்லியைக் கெட்டித்துவிடுகிறார்கள். வெயிலில் விரியப் பார்க்கும் எஃகு விரிய முடியாமல் அழுந்தி நிற்கிறது. குளிரில் சுருங்கப் பார்க்கும்போது சுருங்க முடியாமல் இழுபட்டு நிற்கிறது. விரிவு மறைந்து போகவில்லை, விசையாக மாறித் தண்டவாளத்துக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. கடுங்கோடையில் ரெயில்வே ஊழியர்கள் பாதையை நடந்து பார்வையிடுவது, அந்த விசை கட்டை மீறிவிடக்கூடாது என்பதற்காகத்தான். நீண்ட தண்டவாளத்தின் இரு கோடிகளில் மட்டும் விரிவுக்கென்று தனி இணைப்புகள் வைக்கிறார்கள். இவ்வளவும் 8-ம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத விஷயமல்ல. ஆனால் இன்றைய பரீட்சையில் அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதை எழுதினால் மார்க்கு கிடைப்பது சந்தேகம். காணாததை எழுதினால் முழு மார்க்கு நிச்சயம். இப்படிப்பட்ட பரீட்சை எதைக் கற்றுக் கொடுக்கிறது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

காரணம் என்பது என்ன? கோர்ட்டு நடவடிக்கைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு சாட்சி கூண்டிலேறிச் சொன்னதாலேயே அவன் சொன்னது உண்மையாகிவிடுவதில்லை. குறுக்கு விசாரணையில் அவன் நிற்கிறானா என்று பார்க்கவேண்டும். காரணமும் ஒரு சாட்சியே. அதைக் குறுக்கு விசாரணை செய்ய இரண்டு கேள்விகள் போதும். இந்தக் காரணம் மெய்யானால் இதைத் தொடர்ந்து வேறு என்னென்ன நிகழவேண்டும், அவை நிகழ்கின்றனவா என்பது ஒன்று. இந்தக் காரணம் இல்லாத இடத்திலும் அதே காரியம் நிகழ்கிறதா என்பது மற்றொன்று.

கோடையில் வெயில் ஏன் கடுமையாயிருக்கிறது என்று கேட்டால், பூமி அப்போது சூரியனுக்கு அருகில் போவதால் என்று சொல்லும் பிள்ளைகள் பலர், பெரியவர்களும் பலர். இந்தச் சாட்சியைக் கூண்டிலேற்றுவோம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நம் மார்கழி மாதத்தில். அப்போது தூரம் ஏறக்குறைய 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிக விலகியிருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். பனி கொட்டும் மார்கழியில்தான் நாம் சூரியனுக்கு மிக நெருங்கியிருக்கிறோம்! போதாக்குறைக்கு, நாம் போர்த்திக்கொள்ளும் அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடைக்காலம். பூமி முழுவதும் ஒரே சமயத்தில் அருகில் போகும்போது ஒரு பாதிக்கு மட்டும் கோடை எப்படி வரும்? சாட்சி விழுந்துவிட்டான்.

மெய்யான காரணம், பூமியின் அச்சு 23 1/2 டிகிரி சாய்ந்திருப்பது. சூரியன் உச்சிக்கு நெருங்கும் மாதங்களில் கிரணங்கள் நேராக விழுகின்றன, பகலும் நீளுகிறது. இதையும் விசாரிக்காமல் விடக்கூடாது. சென்னையில் நடுப்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்டு நடுவில் மறு தடவை. அப்படியானால் ஆகஸ்டு வெயிலும் கத்திரி வெயிலைப் போலக் கொளுத்த வேண்டுமே? கொளுத்துவதில்லை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் குறுக்கே நிற்கின்றன. மாலையில் மழையும் பெய்கிறது. ஆகவே சரியான காரணமும் முழுக் காரணமாக இருக்க வேண்டுமென்பதில்லை என்ற பாடமும் இதே கேள்வியில் கிடைக்கிறது. கைடு புஸ்தகத்து மூன்று வரிகளில் இது கிடைக்குமா?

சந்திரன் விஷயமும் இப்படியே. பிறை தேய்ந்து வளர்வது பூமியின் நிழல் விழுவதால் என்று நம்புகிறவர்கள் ஏராளம். மூன்றாம் பிறையைத் தொழும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது எந்தத் திக்கில் தெரிகிறது? சூரியன் மறைந்த சிறிது நேரத்துக்குள், சூரியன் மறைந்த மேற்றிசையிலேயே தெரிகிறது. பூமியின் நிழலோ சூரியனுக்கு எதிர்ப்புறத்தில்தான் விழ முடியும். மேற்கே இருக்கும் பிறையின்மேல் கிழக்கே விழும் நிழல் எப்படிப் படியும்? சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் நிற்கும் பௌர்ணமியில் மட்டும் அந்த நிழல் எட்டக்கூடும்; எட்டும்போது அதற்குக் கிரகணம் என்று பெயர். சந்திரனில் எப்போதும் ஒரு பாதி வெளிச்சமாயிருக்கிறது. அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே பிறை. இதை அறிவதற்குத் தூரதரிசினி வேண்டியதில்லை. மாலையில் வாசலில் நின்று திசை பார்த்தால் போதும்.

இனி மண்பானைக்கு வருவோம். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயுள்ள தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இது சரியான விடை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஆகவே 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் புகாதவரை, மீதித் தண்ணீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிர்ந்துவிடும். இவ்வளவு சொன்ன பிறகு உபாத்தியாயர் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பானைக்கு வெளியே வர்ணம் பூசினால் தண்ணீர் குளிருமா? பித்தளைக் குடம் ஏன் அப்படிக் குளிர்விப்பதில்லை? பல வருஷம் உபயோகித்த பானை, புதுப்பானையைப் போல ஏன் குளிர்விப்பதில்லை? மழைநாளில் பானை ஏன் சோம்பிவிடுகிறது?

ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறது. இது உள்ளேயிருந்து கசிந்தது என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அதை அதட்டக்கூடாது. பானை கசியும்போது டம்ளர் ஏன் கசியக்கூடாது? நியாயமான சந்தேகமே. தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துப் பார்க்கச் சொல்லலாம். வெளியே வரும் துளி நிறமில்லாமல் இருக்கிறது. வெந்நீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லலாம். வெளியே துளியே இல்லை. அப்போது அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது என்ற முடிவைப் பிள்ளை தானே அடைந்துவிடுகிறது. அடுத்து, டம்ளர் மிகுதியாக வியர்க்கும் நாளில் பானை எப்படிக் குளிரும் என்று கேட்டால், காற்றில் ஈரம் மிகுந்த நாளல்லவா, பானையிலிருந்து தண்ணீர் எளிதில் ஆவியாகாது என்று பதில் வரும். இரண்டு பாடங்கள் ஒன்றாகிவிட்டன. இதற்கான செலவு ஒரு பானை, ஒரு டம்ளர், ஒரு துண்டு மஞ்சள்.

நன்கு வேரூன்றிவிட்ட தவறான காரணமும் உண்டு. தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. எரிந்த பிராணவாயுவின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று பல வகுப்புகளில் சொல்லிவிடுகிறார்கள். உற்றுப் பாருங்கள். பிராணவாயு தீர்வதனால் தண்ணீர் ஏறுகிறதென்றால், சுடர் எரியும்போதே சிறிது சிறிதாக ஏற வேண்டும். அப்படியில்லை, சுடர் அணைந்த பிறகுதான் வேகமாக ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்று வைத்தால் இன்னும் உயரமாக ஏறுகிறது. டம்ளர் மாறவில்லை, அதிலுள்ள பிராணவாயுவின் அளவும் மாறவில்லை. பின் ஏன் அதிகம்? சுடரால் காற்று சூடேறி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிட்டது. அணைந்தபின் மிச்சமுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இதுவே முக்கியமான காரணம். சுடர் அணையும்போதும் டம்ளரில் பிராணவாயுவின் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. கண்ணெதிரே நடப்பதையே பார்க்க விடாமல் நெட்டுரு மறைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஏற்றுக்கொண்ட காரணத்தைச் சந்தேகிப்பது பெரியோர்களை அவமதிப்பதாகும் என்று நினைப்பவர்களுக்குத் திருச்சிராப்பள்ளியில் 1888-ம் வருஷம் பிறந்த ஸர் சி. வி. ராமனை நினைவூட்டுகிறோம். 1921-ம் வருஷம் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்த் திரும்பிய பிரயாணத்தில் அவர் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபிம்பமே என்பது ராலே பிரபுவைப் போன்ற மேதைகளின் தீர்மானம். ராமன் அதைக் குறுக்கு விசாரணை செய்தார். பிரதிபிம்பந்தான் காரணமென்றால், அதை நீக்கிவிட்டால் நீலமும் மறைய வேண்டும். தம்மிடமிருந்த ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியாக, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அடக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிப்பதும் காரணம் என்று அவர் கண்டார். அந்த ஆராய்ச்சி வளர்ந்து 1928-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவாகி, 1930-ல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. அந்தத் தேதியைத் தேசீய விஞ்ஞான தினமாக வருஷந்தோறும் கொண்டாடுகிறோம். கொண்டாடுவதோடு, அவர் கேட்டதுபோலக் கேட்கவும் பிள்ளைகளைப் பழக்கினால்தான் கொண்டாட்டத்துக்கு அர்த்தமுண்டு.

கூற்றும் காரணமும் என்ற கேள்வி வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூற்று, கோடையில் பருத்தி ஆடை சுகமாயிருக்கிறது. காரணம், பருத்தி ஒரு செடியிலிருந்து கிடைக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாவது முதலாவதற்குக் காரணமல்ல. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஆவியாக விடுவதே காரணம். 'இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை' என்று தேர்ந்தெடுக்கும் சக்தி இருக்கிறதே, அது பள்ளிக்கூடத்தோடு முடிகிற விஷயமல்ல. வால்நட்சத்திரம் தோன்றியது, அரசன் மாண்டான், இரண்டும் உண்மை. மருந்து சாப்பிட்டான், ஜலதோஷம் நின்றது; இரண்டும் உண்மை, சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரத்தில் நின்றிருக்கும். நம் கட்சி பதவிக்கு வந்தது, நல்ல மழை பெய்தது என்று மேடையில் முழங்குகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் உண்மையே! இந்த மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத பிரஜை, ஓட்டுச் சீட்டைக் கையில் வைத்திருந்தும் பிறர் சொன்னபடி ஆடுகிறவனாகவே இருப்பான். இது தேச ஊழியர்கள் எக்கட்சியினராயினும் சிந்திக்கத் தகுந்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரணை உணர்ச்சியையும் வளர்ப்பது பிரஜைகளின் கடமை என்று 1976-ம் வருஷத்து 42-வது திருத்தத்தால் நம் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

எழுதி வைத்ததும் செய்து காட்டியதும் ஒன்றாயிருக்கின்றனவா? 15 வயதுப் பிள்ளைகளின் யோசனைத் திறனை ஒப்பிடும் பைஸா என்ற சர்வதேசப் பரீட்சையின் 2009-ம் வருஷச் சுற்றில், இந்தியாவின் சார்பாகத் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. மொத்தம் 74 பிரதேசங்கள். விஞ்ஞானத்தில் நம் இரு ராஜ்யங்களும் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று சமாதானம் சொல்லப்பட்டது. 2012, 2015, 2018-ம் வருஷச் சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. பழக்கமில்லாத கேள்வியை எதிர்கொள்வதுதானே யோசனை? பழகிய கேள்விக்குப் பழகிய விடையைச் சொல்லக் கிளியும் பழகும். நம் பிள்ளைகளின் புத்திக்குக் குறைவில்லை. அந்தப் புத்திக்கு வேலை கொடுக்காத பரீட்சை முறைக்கே அந்தத் தோல்வி உரியது.

சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்தை முடிக்க நாளில்லை. இப்படிக் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க உபாத்தியாயருக்கு அவகாசமேது என்பார்கள். நியாயமான ஆட்சேபமே. விஷயஞானம் இல்லாமல் யோசனை மட்டும் தனியே நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மார்கழியில் சூரியன் அருகில் என்பதை அறியாத பிள்ளை எதைக்கொண்டு விசாரிக்கும்? ஆனால் உபாத்தியாயரும் பிள்ளையும் பரீட்சை போகும் வழியே போகிறார்கள். பரீட்சை மாறினால் வகுப்பும் மாறும். 2005-ம் வருஷத்துத் தேசீயப் பாடத்திட்டமும் 2020-ம் வருஷத்துத் தேசீயக் கல்விக் கொள்கையும் நெட்டுருவைக் கண்டித்திருக்கின்றன. கண்டனம் கேள்வித்தாளுக்குள் இறங்க வேண்டும்.

இதற்கு நாம் கூறும் யோசனைகள் மூன்று. முதலாவது, பாடத்திலுள்ள உதாரணத்தையே கேட்காமல் அதன் அண்டை வீட்டு உதாரணத்தைக் கேட்க வேண்டும். மண்பானை ஏன் குளிர்விக்கிறது என்பதற்குப் பதிலாக, வர்ணம் பூசிய பானை, பூசாத பானை இரண்டில் எது அதிகம் குளிர்விக்கும், ஏன் என்று கேட்கலாம். இரண்டாவது, முடிவுக்கு ஒரு பங்கும், முடிவுக்கு வந்த வழிக்கு ஒரு பங்கும், அதை எப்படிச் சோதிப்பாய் என்பதற்கு ஒரு பங்குமாக மார்க்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வழி சரியாயிருந்து முடிவு பிசகினாலும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பக்கூடாது. மூன்றாவது, பிள்ளையின் கேள்விக்கு 'எனக்கும் தெரியவில்லை, சோதித்துப் பார்ப்போம்' என்று உபாத்தியாயர் சொல்வது கௌரவக் குறைவல்ல என்பதைப் பெற்றோரும் அதிகாரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊர்தோறும் வாசகசாலைகளும் சங்கங்களும் நடத்தும் அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடையை முன்னால் சொல்லாமல் விசாரிக்கச் செய்தால் அது பெரிய தேசத் தொண்டாகும். எந்தக் கேள்விக்கும் விடை இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அப்படி வந்த விடை கூண்டில் நிற்குமா என்று பார்ப்பதுதான் இனி மனிதன் செய்ய வேண்டிய வேலை.

இந்த மாறுதலுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. புதுச் சட்டமும் வேண்டியதில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், அடுத்த பரீட்சையில் எந்தக் கைடு புஸ்தகத்திலும் விடை அச்சாகாத 'ஏன்' ஒன்றையாவது சேர்த்து, அதற்குப் பிள்ளைகள் எழுதும் விடைகளைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கட்டும். ஒரு கேள்விதான் கேட்கிறோம். செய்வார்களா?